முதலில் பார்க்க வேண்டிய இடம்

"பார்க்கலாம்னு அடிக்கவா, பார்க்கணும்னு அடிக்கவாப்பா?"

சாப்பாட்டு மேஜையில் டைப்ரைட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருந்த கிருபா திரும்பாமலே கேட்டாள். முன் அறைக் கட்டிலில் மூன்று தலையணைகளை அடுக்கிச் சாய்ந்திருந்த ஞானையாவிடமிருந்து பதில் வரச் சற்று நேரமாயிற்று. மூச்சைச் சேர்த்துக்கொண்டுதான் அவரால் பேச முடிந்தது.

"பார்க்கணும். நேரம் இருந்தா பார்க்கலாம்னுதான் அவங்க போட்டிருக்காங்க. அதை மாத்தத்தானே இந்த லெட்டர்."

அவள் அந்த ஆங்கிலச் சொல்லை அடித்தாள். ரிப்பன் பழசு. எழுத்துகளின் வயிறெல்லாம் மையடைத்துக் கறுப்புப் பொட்டுகளாக விழுந்தன. குரோம்பேட்டைப் பள்ளிக்கூடத்தில் அவளுக்கு இன்று இரண்டு கணக்கு வகுப்புகள் இருந்தன. லீவு சொல்லியனுப்பிவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

அடுக்களை வாசலுக்கு அம்மா ரத்தினபாய் வந்து நின்றாள். கையில் கஞ்சிக் கிண்ணம். "டாக்டர் பேசக் கூடாதுன்னு சொல்லியிருக்கார்."

"இன்னிக்கு ஒரு நாள், ரத்தினம்."

"நேத்தும் இதையேதான் சொன்னீங்க."

"நேத்து யோசிச்சேன். பேசலையே."

ரத்தினபாய் கிண்ணத்தைக் கட்டிலருகே ஸ்டூலில் வைத்து ஒரு தட்டால் மூடிவிட்டுப் போனாள். கோபமாகப் போகிற நடைதான். ஆனால் தட்டு சத்தமில்லாமல் மூடியது.

ஞானையா அணு உலைகளைச் சோதித்துப் பார்க்கும் ஒரு பிரிவில் இன்ஜினியர். ஆபீஸ் மெட்ராஸில். உலை இருந்தது வடக்கே, இரண்டு நாள் ரயில் தூரத்தில், சோன்பாரி என்ற ஊரில். அது ஓட ஆரம்பித்துப் பதினேழு வருடங்களாகிவிட்டன. கட்டியவர்கள் போய்விட்டார்கள். ஓட்டுகிறவர்களும் இரண்டு தலைமுறை மாறிவிட்டார்கள். இரும்புக்கும் கான்கிரீட்டுக்கும் வயதாகும், அது எங்கே எப்படி ஆகிறது என்று பார்ப்பதுதான் ஞானையாவின் வேலை. வருடத்தில் நான்கைந்து முறை பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். கிருபாவின் எஸ்.எஸ்.எல்.சி. ரிசல்ட் வந்த அன்றும், அவருக்கும் ரத்தினபாய்க்கும் இருபத்தைந்தாவது கல்யாண நாள் அன்றும் அவர் சோன்பாரியில்தான் இருந்தார். ஒரு மாதத்துக்கு முன்பு ஆபீஸ் மாடிப்படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததிலிருந்துதான் வீட்டில் இருக்கிறார்.

அவர் இல்லாதபோது ஆபீஸில் ஒரு பட்டியல் தயாராகிவிட்டது. வருகிற திங்கட்கிழமை உலையைப் பன்னிரண்டு நாட்களுக்கு நிறுத்துகிறார்கள். பார்க்க வேண்டிய இடங்கள் முப்பத்தொன்று. பன்னிரண்டு நாட்களில் பாதியைத்தான் பார்க்க முடியும். எதை முதலில் பார்ப்பது என்பதற்குத்தான் அந்தப் பட்டியல். புதன்கிழமை மாலை, அவரோடு பத்து வருடங்களாக வேலை செய்யும் டெக்னீஷியன் அரிகிருஷ்ணன் ஒரு நகலைக் கொண்டுவந்து கொடுத்தான். ஞானையா அதை மேலிருந்து கீழ்வரை படித்தார். முதலில் பம்புகள், வெளிக் குழாய்கள், வால்வுகள். உலைப் பாத்திரத்தை அடியில் தாங்கும் இரும்பு வளையம் முப்பதாவது இடத்தில் இருந்தது. பக்கத்தில், நேரம் இருந்தால் என்று எழுதியிருந்தது. பதினேழு வருடங்களாக அதை யாரும் திறந்து பார்த்ததில்லை. சுற்றியிருக்கும் கான்கிரீட் கட்டிகளை எடுக்கவே நான்கு நாள் ஆகும்.

"அடுத்த பாராம்மா," என்றார் ஞானையா. "வெளிக் குழாய்க்கும் சுவருக்கும் நடுவுல இருக்கற இடைவெளி. மூணு வருஷத்து அளவையும் வரிசையா போடு. நோட்டுல இருக்கு."

கிருபா நோட்டைப் புரட்டிப் பார்த்தாள். எழுபத்து நான்கில் ஓர் அளவு. எழுபத்தைந்தில் அதைவிட ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான வித்தியாசம். இந்த வருடம் இன்னும் கொஞ்சம்.

"ரொம்பக் கம்மியா இருக்கேப்பா. அளந்தவங்க தப்பா அளந்திருக்கலாம் இல்லையா?"

"வேதாசலமும் அதைத்தான் சொல்றார்." வேதாசலம் அவருடைய மேலதிகாரி; கடிதமும் அவருக்குத்தான். "நீ கணக்கு டீச்சர். நீயே சொல்லு. தப்பா அளந்தா ஒரு தடவை கூட வரும், ஒரு தடவை குறையும். மூணு தடவையும் ஒரே பக்கம் தப்புமா?"

கிருபா மறுபடி அந்த எண்களைப் பார்த்தாள். மூன்றும் ஒரே பக்கம்தான் நகர்ந்திருந்தன.

"குழாய் தானா நகராது," என்றார் அவர். "பாத்திரம் இறங்கினாத்தான் குழாய் நகரும். பாத்திரம் இறங்கணும்னா அடியில வளையம் எங்கயோ விட்டுக் கொடுத்திருக்கணும். ஒரு நாள் மொத்தமா விட்டுட்டா குழாய் கிழியும். உள்ள இருக்கற தண்ணி வடிஞ்சிடும். தண்ணி போச்சுன்னா உலையோட சூட்டை அடக்க அங்க வேற ஒண்ணும் கிடையாது."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். கிருபா எழுந்து போய்க் கிண்ணத்திலிருந்து நான்கு ஸ்பூன் கஞ்சி கொடுத்தாள். ஐந்தாவதுக்கு வாயைத் திறக்கவில்லை.

"இது அடிக்கறதுக்கு இல்ல," என்றார் கொஞ்ச நேரம் கழித்து. "சும்மா சொல்றேன். பம்பும் வால்வும் இந்த வருஷம் விட்டுடலாம். அது கண்ணு முன்னாடி இருக்கற சாமான். ஒரு சொட்டு ஒழுகினாக்கூட அந்தப் பக்கமா பெருக்கறவன் பார்த்துச் சொல்லிடுவான். சொல்றதுக்கு ஆள் இல்லாத இடத்தைத்தான் நாம முதல்ல பார்க்கணும். பம்பை விட்டா அந்த நாலு நாள் கிடைச்சிடும். பன்னெண்டு நாள் தாண்டாது."

"இதையும் சேர்த்துடவாப்பா?"

"வேண்டாம். நாள்கணக்கு வேதாசலத்தோட வேலை. நான் சொல்லிக் குடுத்தா மாதிரி இருக்கும்." லேசாகச் சிரித்தார். "நல்ல மனுஷன். பதிமூணாவது நாள் உலை ஓடலேன்னா அதுல தயாராகி ஆஸ்பத்திரிகளுக்குப் போற மருந்து நிக்கும்னு கவலைப்படறார். அந்தக் கவலையும் நியாயம்தான்."

கடைசி வரியை அவர் சொல்லி முடித்தபோது பத்தேகால். அதைச் சுத்தமாக, இரண்டு கார்பன் வைத்து மறுபடியும் அடிக்கச் சொன்னார். சாயங்காலம் அரிகிருஷ்ணன் வந்து வாங்கிக்கொண்டு போவதாக ஏற்பாடு. கிருபா இரண்டு பக்கங்களையும் நிதானமாக, ஒரு பிழைகூட வராமல் அடித்தாள். நடுவில் அம்மா கொல்லையில் துணி அலசும் சத்தம் கேட்டது. தாள்களை உருவி, கார்பனைப் பிரித்து, மேஜை டிராயரிலிருந்து அவருடைய பேனாவை எடுத்துக்கொண்டு முன் அறைக்குப் போனாள்.

"கையெழுத்துப்பா."

அவர் தலை ஜன்னல் பக்கமாகத் திரும்பியிருந்தது. வெளிச்சம் முகத்தில் விழுந்தும் கண் கூசவில்லை. அவள் பேனாவின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். அப்புறம் மறுபடி மூடினாள். கொல்லைப் பக்கம் போய், "அம்மா, கையைத் துடைச்சிட்டு வாங்க" என்றாள். ரத்தினபாய் அவள் முகத்தைப் பார்த்தாள். கையைத் துடைக்காமலே வந்தாள்.

பகல் முழுவதும் ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். அடுத்த வீட்டு சாவித்ரி மாமி தன் வீட்டு நாற்காலிகளை எல்லாம் அனுப்பினாள். பெரிய டிபன் கேரியரில் காபி கொண்டுவந்து, யாரும் கேட்காமலே டம்ளர்களில் ஊற்றிக் கொடுத்தாள். அவள் கணவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு தந்தி ஆபீசுக்குப் போனார். நாசரேத்திலிருக்கும் உறவினர்களுக்கும் மெட்ராஸ் ஆபீசுக்கும் தந்தி போயிற்று. திருச்சபைப் போதகர் வந்து ஜெபம் செய்துவிட்டு, நாளை மாலை நாலு மணிக்கு அடக்கம் என்று முடிவு செய்தார். அண்ணா நகரிலிருந்து ஞானையாவின் தம்பி ஜெபசீலன் மூன்று மணிக்கு வந்து சேர்ந்தார். அண்ணன் காலைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதார். பிறகு எழுந்து முகம் கழுவிக்கொண்டு, ஐஸுக்கும் பெட்டிக்கும் ஏற்பாடு செய்யப் புறப்பட்டார்.

ஆறு மணிக்கு அரிகிருஷ்ணன் வந்தான். தந்தி போய்ச் சேருமுன்பே ஆபீஸிலிருந்து கிளம்பியிருந்தான்; கடிதம் வாங்கத்தான் வந்தான். கேட்டுக்கு வெளியே கிடந்த செருப்புகளைப் பார்த்துச் சைக்கிளை நிறுத்தாமல் கையில் பிடித்துக்கொண்டே நின்றான். கிருபா போய் அவனை உள்ளே கூட்டிவந்தாள். அவன் கட்டிலருகே போகாமல் கதவோரமாக நின்று கையைக் கட்டிக்கொண்டு பார்த்தான்.

"காலைல கூட பேசிக்கினு இருந்தாராம்மா?"

"பத்தேகால் வரைக்கும் பேசினார். லெட்டர் முடிச்சிட்டார். கையெழுத்து மட்டும் போடலை."

அரிகிருஷ்ணன் யோசித்தான். "நாளைக்கு வேதாசலம் சாரு வருவாரும்மா. அவர் கையிலயே குட்த்துடு. என் கையில குட்த்தா, நீ யார்ரா இத்த எடுத்துக்கினு வரதுன்னு கேப்பாங்க. நாளைக்கு அஞ்சு மணிக்கு லிஸ்ட்டு டெலக்ஸ் மிஷின்ல சோன்பாரிக்கு போவணும். அது போய்ட்ச்சுன்னா அப்பால லிஸ்ட்ட மாத்த முடியாது."

ஜெபசீலனுக்கு அது பிடிக்கவில்லை. மறுநாள் காலை கிணற்றடியில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர், தண்ணீர் எடுக்க வந்த கிருபாவை நிறுத்தினார்.

"அந்த லெட்டர் விஷயத்தை இன்னிக்கு எடுக்காதேம்மா."

"இன்னிக்கு விட்டா நேரமில்ல சித்தப்பா."

"கையெழுத்து இல்லாத காகிதத்துக்கு என்ன மதிப்பு? நானும் செகரட்டேரியட்டுல இருபது வருஷம் இருக்கேன். அந்த ஆபீசர் போட்ட லிஸ்ட் தப்புன்னு சொல்ற காகிதத்தை, சாவு வீட்டுக்கு வந்த மனுஷன்கிட்டயே குடுப்பியா? இனிமே மைனிக்கு வேண்டிய பென்ஷன் காகிதம் எல்லாம் அவர் கை வழியாத்தான் வரணும்." சொல்லிவிட்டு வாயைக் கொப்பளித்தார். பிறகு தணிந்த குரலில், "டாக்டர் அண்ணனைப் பேசக் கூடாதுன்னு சொல்லியிருந்தாராமே. சாவித்ரி அம்மா சொன்னாங்க" என்றார்.

கிருபா குடத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். நேற்றிலிருந்து அவள் தனக்குள் சொல்லிக்கொண்டிருந்ததுதான் அது. சித்தப்பா அதைக் குற்றமாகச் சொல்லவில்லை என்பதும் தெரிந்தது.

"கிருபா."

ஜன்னலுக்குள்ளிருந்து ரத்தினபாயின் குரல். ஞானையாவைக் கிடத்தியிருந்த அறையின் ஜன்னல் கிணற்றடியைப் பார்த்துத்தான் இருந்தது. அவள் இரவெல்லாம் அந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை.

கிருபா உள்ளே போனாள். சித்தப்பாவும் பின்னாலேயே வந்து வாசற்படியில் நின்றார்.

"லெட்டரைக் குடுத்துரு," என்றாள் ரத்தினபாய்.

"மைனி, நான் எதுக்குச் சொல்றேன்னா..."

"நீங்க எங்க நல்லதுக்குத்தான் சொல்றீங்க தம்பி. எனக்குத் தெரியும்." அவள் கணவரின் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். "இன்னிக்கு ஒரு நாள்னு எங்கிட்ட கேட்டாங்க. நான்தான் பேசாதீங்க பேசாதீங்கன்னுட்டே இருந்தேன். பேசாம இருந்திருந்தா இன்னும் ரெண்டு நாள் இருந்திருப்பாங்க. பேசாமயே."

தலைமாட்டில் ஐஸ் உருகித் தட்டில் சொட்டிக்கொண்டிருந்தது. ஜெபசீலன் குனிந்து தட்டை எடுத்து, தண்ணீரைக் கொல்லையில் கொட்டிவிட்டுக் கொண்டுவந்து வைத்தார்.

"உட்காரு," என்று மகளைப் பக்கத்தில் இருத்திக்கொண்டாள் ரத்தினபாய். "முப்பத்தோரு நாள் வீட்டுல இருந்தாங்க. கல்யாணமாகி இத்தனை வருஷத்துல முப்பத்தோரு நாள் பகலும் ராத்திரியுமா சேர்ந்தாப்பல இருந்ததே இல்ல. காலைல நான் காய் நறுக்கறப்ப பக்கத்துல உக்காந்து பேப்பர் படிச்சிச் சொல்வாங்க. எனக்கு எதுவும் புரியாது. கேட்டுக்கிட்டே இருப்பேன். அன்னிக்கு அந்த மாடிப்படியிலேயே ஆண்டவர் எடுத்திருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன். ஒரு மாசம் சேர்த்துக் குடுத்தாரே. அதுக்கே ஸ்தோத்திரம் சொல்லி முடியல எனக்கு."

கிருபாவுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. அம்மாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு நன்றாக அழுதாள். அழுது முடித்ததும் எழுந்து போய் டைப்ரைட்டரின் மூடியைத் திறந்தாள். கடிதத்தின் இரண்டாவது பக்கத்தைச் செருகி, கையெழுத்துக்கு விட்டிருந்த இடத்துக்குக் கீழே நான்கு வரிகள் அடித்தாள். இது என் தகப்பனார் சொல்லச் சொல்ல நான் அடித்தது. ஒரு சொல்லையும் நான் மாற்றவில்லை. நேற்றுக் காலை பத்தேகால் மணிக்குச் சொல்லி முடித்தார். கையெழுத்திடும் முன் இறந்துவிட்டார். அதன்கீழே தன் பெயரையும் தேதியையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

வேதாசலம் ஒரு மணி சுமாருக்கு மாலையோடு வந்தார். ஒல்லியான, உயரமான மனிதர். மாலையைப் போட்டுவிட்டு, காலடியில் வெகுநேரம் குனிந்தபடி நின்றார். ரத்தினபாய்க்கு எதிரே வந்து கைகூப்பினார். வெளியே பந்தலுக்கடியில் போய் உட்கார்ந்தவரிடம் கிருபா காகிதங்களைக் கொண்டுபோய் நீட்டினாள்.

"அப்பா உங்களுக்கு எழுதினது சார். நேத்து காலைல."

அவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். முதல் பக்கத்தை முடித்து இரண்டாவதுக்குப் போனவர், மறுபடி முதலாவதுக்கு வந்தார். அந்த மூன்று எண்கள் இருந்த இடத்தில் அவர் விரல் நின்றது. கடைசியில் அவள் அடித்திருந்த நான்கு வரிகளையும் படித்தார். ஜெபசீலன் சற்றுத் தள்ளி நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதைப் பத்தி எனக்கும் அவருக்கும் பெரிய வாக்குவாதமே நடந்திருக்கும்மா," என்றார் வேதாசலம். "உங்களுக்கு எதைப் பார்த்தாலும் சந்தேகம்னு சொன்னேன். மீட்டிங்ல, பத்து பேர் முன்னாடி. அதுக்கப்புறம் மூணாம் நாள் படியில விழுந்தார்."

கிருபாவுக்கு அது தெரியாது. அப்பா வீட்டில் சொல்லவே இல்லை.

"நல்ல மனுஷன்னுதான் சார் சொன்னார் உங்களை. ஆஸ்பத்திரிகளுக்காகக் கவலைப்படறீங்க, அது நியாயம்னு சொன்னார். நேத்து."

வேதாசலம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடிந்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அடியைத் திறக்க நாலு நாள் ஆகும். அந்த நாலு நாளுக்கு நான் எங்க போவேன்? அதைப் பத்தி ஏதாவது சொன்னாரா? இதுல இல்லையே."

"அது அடிக்கறதுக்கு இல்லன்னுட்டார். உங்களுக்குச் சொல்லிக் குடுத்தா மாதிரி இருக்கும்னு." பிறகு அவள் முந்தின நாள் கஞ்சி கொடுத்தபோது கேட்டதை, கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். பம்பையும் வால்வையும் விட்டுவிடலாம். ஒழுகினால் பெருக்குகிறவன்கூடப் பார்த்துச் சொல்லிவிடுவான். சொல்ல ஆள் இல்லாத இடத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

அவர் தலையைக் குனிந்தபடி கேட்டார். மனதுக்குள் நாட்களைக் கூட்டிக் கழிப்பது உதடுகளின் அசைவில் தெரிந்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்றே முக்கால். எழுந்து நின்றார்.

"அடக்கத்துக்கு இருக்கணும்னுதாம்மா வந்தேன். இப்ப இருந்தா டெலக்ஸுக்கு நேரம் போயிடும். லிஸ்ட்டையும் திருப்பி எழுதணும். மேல ரெண்டு பேர்கிட்ட பேசணும்." அம்மா இருந்த அறைப் பக்கம் பார்த்தார். "அவங்ககிட்ட நீ சொல்லிடறியா?"

"சொல்றேன் சார். நீங்க போங்க."

அவர் காகிதங்களை நான்காக மடிக்காமல், கசங்காமல், ஒரு பேப்பருக்குள் வைத்து எடுத்துக்கொண்டு வேகமாக நடந்தார். காரின் கதவு சாத்தும் சத்தம் கேட்டதும் ஜெபசீலன் வந்தார்.

"பெட்டி மூடற வரைக்கும்கூட இருக்கல. பார்த்தியா?"

"அவர் இருக்காம போனதுதான் சித்தப்பா அப்பாவுக்குப் பிடிச்சிருக்கும்."

ஜெபசீலன் தெருவைப் பார்த்தார். கார் போன புழுதி இன்னும் அடங்கவில்லை. "அப்படியா," என்றார். பிறகு, "அண்ணன் மாதிரியே பேசற" என்றார்.

அடக்க ஆராதனை முடிந்து பெட்டியைத் தூக்கியபோது, முன்பக்கம் ஜெபசீலனுக்கு இணையாக அரிகிருஷ்ணன் தோள் கொடுத்தான். சோன்பாரிக்குச் சாயங்கால ரயிலில் போக வேண்டியவன் ராத்திரி ரயிலுக்கு மாற்றிக்கொண்டு வந்திருந்தான். கல்லறைத் தோட்டத்தில் எல்லாம் முடிந்து, ஆட்கள் கைப்பிடி மண் போட்டுவிட்டுக் கலைந்த பிறகு அவன் கிருபாவின் பக்கம் வந்தான். கையிலிருந்த மண்ணை வேட்டியில் தட்டிக்கொண்டான்.

"டெலக்ஸ் போய்ட்ச்சும்மா. அஞ்சு மணிக்கு பக்கத்து கடையிலருந்து ஆபீசுக்கு போன் போட்டு கேட்டுக்கினு வந்தேன். வளையந்தான் ஃபர்ஸ்ட்டு."

"உள்ள போகப்போறது நீங்கதானே?"

"நானுந்தான். இன்னும் ரெண்டு பேரு."

அவளுக்கு அப்போதுதான் அது உறைத்தது. அந்தக் கடிதம் ஓர் ஆளை உலைக்கு அடியில் இருக்கும் குழிக்குள் அனுப்புகிறது. "பயமா இல்லையா?"

"இல்லாம எப்டி? உள்ள குட்த்த நேரத்துக்கு மேல ஒரு நிமிஷம் நின்னாலும் கதிர்வீச்சு ஒடம்புக்கு ஆவாது. அதுக்குத்தான் சாரு மொதல்லயே ரெடி பண்ணிட்டாரு. ரெண்டு வருஷம் முன்னாடியே அந்த வளையத்த மரத்துல செஞ்சி, ஷெட்ல வெச்சி, அதுக்கு அடியில எங்கள பட்த்துக்கினு வேல செய்ய சொன்னாரு. அவரும் கூட பட்த்துக்கினாரு, பேன்ட்டு சட்டையோட. மொத தபா இருபத்தஞ்சி நிமிஷம் ஆச்சி. ஆறு நாள் ஓட்டி ஓட்டி, பதினோரு நிமிஷத்துல முடிக்க வெச்சாரு. பதினொண்ணுன்னு அவர் சொன்னா பதினொண்ணுதான். மத்தவங்க லிஸ்ட்ல எடத்தோட பேரு மட்டுந்தான் இருக்கும். சாரு லிஸ்ட்ல நாங்களும் இருப்போம்."

"எனக்கு மூணு கொழந்தைங்கம்மா," என்று மட்டும் சொல்லிவிட்டு, மண்மேட்டின் பக்கம் திரும்பி ஒரு கும்பிடு போட்டான். பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான்.

மூன்று வாரங்கள் கழித்து ஒரு சனிக்கிழமை மத்தியானம் வேதாசலமும் அரிகிருஷ்ணனும் சேர்ந்து வந்தார்கள். முன்னறிவிப்பில்லை. ரத்தினபாய் அவர்களை உட்காரவைத்து, மறுக்க மறுக்க இலை போட்டாள். சாம்பாரும் முருங்கைக்காய்ப் பொரியலும்தான். வேதாசலம் மறு சோறு வாங்கிச் சாப்பிட்டார். சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவந்த பிறகுதான் விஷயத்தை எடுத்தார். அதை அவர் கிருபாவிடம் சொல்லாமல் ரத்தினபாயிடம் சொன்னார்.

"அஞ்சாவது நாள் திறந்தோம்மா. வளையத்துல எட்டு இடத்துல வெல்டிங் ஒட்டு வெச்சிருக்கு. அதுல மூணு விரிஞ்சு கிடந்தது. ஒண்ணு, ஒரு முழு சாண் நீளம். அரிகிருஷ்ணன்தான் முதல்ல பார்த்தான்."

"பத்து நிமிஷத்துல பாத்துட்டம்மா," என்றான் அரிகிருஷ்ணன். "ஒரு நிமிஷம் மிச்சம்."

"உலையை ஓட்டலை. ரிப்பேருக்கு எட்டு மாசம் ஆகும். மருந்தை வெளிநாட்டுலருந்து தருவிக்க ஏற்பாடு பண்ணிட்டோம். கஷ்டம்தான், சமாளிச்சிடலாம். பழைய வரிசைப்படி போயிருந்தா பதிமூணாவது நாள் ஓட ஆரம்பிச்சிருக்கும். அப்புறம் ஒரு வருஷம் யாரும் அந்தப் பக்கம் போயிருக்க மாட்டோம்." பிறகு கிருபாவின் பக்கம் திரும்பினார். "அந்த லெட்டரை ஃபைல்ல முதல் பக்கமா வெச்சிருக்கேன். கையெழுத்து இல்லாத காகிதம் ஃபைல்ல இருக்கக் கூடாதுன்னு ஒருத்தர் சொன்னார். உன் கையெழுத்து இருக்கேன்னேன்."

கிருபா சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். அம்மா என்ன சொல்லப்போகிறாள் என்று பார்த்தாள்.

"அங்க எத்தனை பேர் வேலை பார்க்கறாங்க?" என்று கேட்டாள் ரத்தினபாய்.

"ஒரு ஷிப்ட்டுக்கு நாற்பது நாற்பத்தைஞ்சு பேர் இருப்பாங்க. அப்புறம் ஊர் இருக்கு. அது பெரிய ஊர்."

அவள் தலையசைத்தாள். உள்ளே போய்க் காபி கலந்து எடுத்துவந்து இருவருக்கும் கொடுத்தாள்.

அவர்கள் விடைபெற்றுப் போக ஐந்தரை ஆகிவிட்டது. கிருபா டம்ளர்களைக் கழுவிவைத்துவிட்டு வந்தபோது வீட்டுக்குள் அம்மாவைக் காணவில்லை. அடக்கத்துக்குப் பிறகு அவள் தெரு வாசலுக்குப் போனதே இல்லை. கேட் திறந்திருந்தது. ஸ்டேஷனிலிருந்து வரும் கூட்டம் தெருவில் போய்க்கொண்டிருந்தது. ஆபீஸ்காரர்கள், ஃபேக்டரிக்காரர்கள், காலி டிபன் டப்பாவை ஆட்டிக்கொண்டு போகிறவர்கள், நடுவில் நின்று கீரை பேரம் பேசுகிறவர்கள். ரத்தினபாய் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். தெரிந்தவர் ஒருவர் கும்பிட்டார். அவளும் கும்பிட்டாள்.

கிருபா அவளைக் கூப்பிடவில்லை. கடைசி ஆள் தெருமுனையில் திரும்பும்வரை ரத்தினபாய் அங்கேயே நின்றாள்.